வாள் பிடித்து மிரட்டிய 'வில்லன்' பெயரில் பள்ளிக்கூடம்!

காளையார்கோவில்:
தாராசிங் என்றால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பொடிசுகளை கேட்டால் அண்டர்டேக்கர், ஜான் சீனா என்பார்கள். இந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில், ஜப்பானையே கதிகலங்க வைத்த இந்தியர் ஒருவர் உண்டு. அவர்தான் டைகர் ஜீத் சிங்.

பஞ்சாப் மாநிலம் லூதியானா பக்கம் பிறந்தவர். 1960-களில் கனடா போய் மல்யுத்தம் பழகினார். தலைப்பாகையும் வாளுமாக மேடை ஏறினாலே கூட்டம் அலறி ஓடும்.

1973 நவம்பரில் டோக்கியோ கடைத்தெருவில், மனைவியோடு வந்த ஜப்பான் வீரர் அன்டோனியோ இனோகியை பட்டப்பகலில் புரட்டி எடுத்தார். அது நிஜ சண்டையா, டிக்கெட் விற்க போட்ட நாடகமா என்று பிற்பாடும் பேச்சு ஓயவில்லை.

1992-ல் அட்சுஷி ஒனிடாவோடு மோதியபோது மேடையை சுற்றி கயிறு இல்லை. முள்கம்பி! உடம்பு பட்டால் வெடிக்கும்படி மருந்தும் வைத்திருந்தார்கள்.

ரத்தம் நிஜமா?

இந்த மாதிரி போட்டிகளில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். ஆனால் ரத்தம் பெரும்பாலும் நிஜம். கைக்கட்டில் ஒளித்து வைத்த பிளேடு துண்டால் நெற்றியை கீறிக்கொள்வார்கள். வியர்வையோடு கலந்து முகம் முழுக்க வழியும்.

இதில் வினையும் உண்டு. பிளேடு கீறலால் கல்லீரலை கெடுக்கும் 'ஹெபடைடிஸ் சி' கிருமி தொற்றியதாக கனடா வீரர் ஒருவர் கோர்ட்டுக்கு போனார். அப்துல்லா தி புட்சர் என்ற பிரபல வீரர் 23 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் தீர்ப்பு வந்தது.

நிலைத்தது எது?

அடிதடியில் பேர் வாங்கிய டைகர் ஜீத் சிங், சம்பாதித்த பிறகு குழந்தைகள் பக்கம் திரும்பினார். அறக்கட்டளை தொடங்கி ஏழை பிள்ளைகளுக்கு பொம்மைகள் திரட்டி கொடுத்தார். 2010-ல் கனடாவின் மில்டன் நகரில் திறந்த அரசு பள்ளிக்கு அவர் பெயரையே வைத்து விட்டார்கள். ஒரு காலத்தில் பார்த்தாலே பிள்ளைகள் அழுத ஆளின் பெயரை, இன்னொரு ஊர் பிள்ளைகள் நோட்டு அட்டையில் எழுதுகிறார்கள்.

டி.வி.யை பார்த்து வீட்டில் பையன் நாற்காலியை தூக்கினால் அதட்டி உட்கார வையுங்கள். அப்படியே இந்த பள்ளிக்கூட கதையையும் சொல்லுங்கள்.