சின்ன நாடு, பெரிய சந்தை – 9
ஒரே வாசல் இருந்த வீடு

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர 1972-இல் நார்வே மக்கள் மறுத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே ஆண்டு மே 10 அன்று, அதே கேள்வி அயர்லாந்து மக்கள் முன்னும் வைக்கப்பட்டது. அங்கே வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் 'சேரலாம்' என்றார்கள்.

போராடிப் பெற்ற இறையாண்மையில் ஒரு பங்கை ஏன் இப்படி மனமுவந்து கொடுத்தார்கள்?

அயர்லாந்துக்கு 1922-இல் தனி அரசு கிடைத்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதன் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பிரிட்டனுக்கே போய்க்கொண்டிருந்தது. அயர்லாந்து விவசாயியின் மாட்டுக்கும் வெண்ணெய்க்கும் என்ன விலை என்பதை பிரிட்டன் சந்தைதான் தீர்மானித்தது. நாணயமும் பிரிட்டிஷ் பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டிருந்தது. 1961-இல் பிரதமர் ஷான் லெமாஸ் ஐரோப்பியச் சமூகத்தில் சேர விண்ணப்பித்தார். 1963-இல் பிரெஞ்சு அதிபர் டி கால் பிரிட்டனுக்குக் கதவை அடைத்தபோது, அயர்லாந்தின் விண்ணப்பமும் கூடவே முடங்கியது. வீடு சொந்த வீடுதான். ஆனால் அதற்கு ஒரே வாசல், அதுவும் பக்கத்து வீட்டு முற்றத்தில் திறந்தது.

1973 ஜனவரி 1-இல் அயர்லாந்து உள்ளே வந்தது. விவசாயிக்கு ஐரோப்பாவின் ஆதரவு விலை கிடைத்தது. 1979-இல் பவுண்டோடு இருந்த முடிச்சு அவிழ்ந்தது. ஆண், பெண் இருவருக்கும் சம ஊதியம் என்ற விதியைத் தள்ளிப்போட டப்ளின் அரசு 1976-இல் அனுமதி கேட்டபோது, ஐரோப்பிய ஆணையம் மறுத்துவிட்டது. இன்று அயர்லாந்தின் சரக்கு ஏற்றுமதியில் பிரிட்டனின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான்.

இதெல்லாம் ஐரோப்பா போட்ட பிச்சை அல்ல. 1967-இலேயே அந்நாடு இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியிருந்தது. படித்த இளைஞர்கள், ஆங்கிலம், குறைந்த நிறுவன வரி, இவற்றோடு ஐரோப்பா முழுவதும் தடையின்றி விற்கும் வசதியும் சேர்ந்ததால்தான் அமெரிக்க நிறுவனங்கள் அங்கே வந்து குவிந்தன. அவை காட்டும் லாபம் நாட்டின் வருமானக் கணக்கை ஊதிப் பெரிதாக்குகிறது. அதனால் உண்மை நிலையை அறிய அயர்லாந்து புள்ளியியல் துறையே தனியாகத் திருத்திய கணக்கு ஒன்றையும் வெளியிடுகிறது. வளம் வந்தது உண்மை. ஆனால் ஏடு காட்டும் அளவுக்கு அல்ல.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. யூரோ வந்தபின் வட்டி விகிதம் டப்ளின் கையில் இல்லை. மந்தத்தில் கிடந்த ஜெர்மனிக்குப் பொருந்திய குறைந்த வட்டி, அயர்லாந்தில் வீட்டுக் கடனைக் கட்டுக்கடங்காமல் வளர்த்தது. உள்நாட்டுக் கண்காணிப்பும் தூங்கியது. 2008-இல் வங்கிகள் ஆட்டம் கண்டன. 2010-இல் 6,750 கோடி யூரோ வெளிக்கடனுக்குக் கையெழுத்திட வேண்டிவந்தது. வேலையின்மை 15 சதவீதத்தைத் தொட்டது. நாணயத்தின் மதிப்பைக் குறைத்துத் தப்பிக்கும் வழி இல்லாததால், சுமை முழுவதும் சம்பளக் குறைப்பாகவும் வரியாகவும் சாதாரணக் குடும்பங்களின் தலையில் இறங்கியது. அந்த வலியைச் சிறிது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஆனாலும் 2016-க்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற முடிவெடுத்தபோது, அயர்லாந்துத் தீவை வகுந்து செல்லும் பிரிட்டனுடனான எல்லையில் மீண்டும் சோதனைச் சாவடிகள் வருமோ என்ற அச்சம் எழுந்தது. அவை வரக்கூடாது என்பதை ஒன்றியம் தன் நிபந்தனையாகவே வைத்தது. ஐம்பது லட்சம் பேர் கொண்ட நாட்டின் கவலைக்காக, மற்ற 26 நாடுகளும் லண்டன் முன் உறுதியாக நின்றன. தனியாகப் போயிருந்தால் டப்ளினுக்கு அந்தக் குரல் கிடைத்திருக்காது.

சின்ன நாட்டுக்குப் பெரிய ஒன்றியம் தரும் முதல் நன்மை பணம் அல்ல என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவரையே அண்டிப் பிழைக்கும் நிலையிலிருந்து அது விடுவிக்கிறது. அதற்கு ஈடாகச் சில சாவிகளைப் பொதுவில் வைக்க வேண்டும். எந்தச் சாவியைக் கொடுப்பது என்பதில்தான் ஒரு நாட்டின் விவேகம் இருக்கிறது.

நாணயச் சாவியைக் கொடுக்காத நாடு அதே 2008-ஐ எப்படிக் கடந்தது? அடுத்த வாரம் ஐஸ்லாந்துக்குப் போவோம்.

(தொடரும்)