கழித்துக் கழித்துக் கிடைக்கும் பழம்

பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து இன்று உலகெங்கும் விற்கப்படும் புளூபெர்ரி, தோட்டப் பயிராகி நூறு ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருக்கிறது. நெல்லும் திராட்சையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் கையில் பழகியவை. இந்தப் பழமோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வட அமெரிக்கக் காடுகளிலும் சதுப்புகளிலும் தானாக விளைந்த காட்டுக்கனி. பழங்குடி மக்கள் பறித்து உண்டார்கள், உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். தோட்டத்தில் கொண்டுவந்து நட்டால் செடி நலிந்து பட்டுப்போனது.

ஏன் பட்டுப்போகிறது என்று கண்டவர் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் ஃபிரடெரிக் கோவிள். எருவும் சுண்ணாம்பும் இட்டுப் பண்படுத்திய மண், மற்ற பயிர்களுக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்குப் புளூபெர்ரிக்குக் கெடுதல். அதற்கு வேண்டியது புளிப்பேறிய மண். அமில அளவு பிஎச் 4.5 முதல் 5.5க்குள் இருக்கவேண்டும். இதையெல்லாம் விளக்கி 1910இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு அது நியூஜெர்சியில், கிரான்பெர்ரி விளைவிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் ஒயிட்டின் கைக்குப் போனது. எங்கள் நிலத்திலேயே உங்கள் சோதனையைச் செய்யுங்கள் என்று அவர் கோவிளுக்கு எழுதினார். புளூபெர்ரிச் சாகுபடியின் வரலாறு அந்தக் கடிதத்தில் தொடங்குகிறது.

ஒயிட்ஸ்பாக் என்ற அந்தப் பண்ணையைச் சுற்றிப் பைன் காடுகள். காட்டின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர்கள் அங்கேயே வாழ்ந்த ஏழை மக்கள். பருவந்தோறும் காட்டுப் பழம் பறித்து விற்பதும் அவர்கள் பிழைப்புகளில் ஒன்று. ஒயிட் அவர்களிடம் ஓர் அளவுகோலைக் கொடுத்தார். அதில் 16 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வட்டத் துளை. அந்தத் துளையில் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் எந்தப் புதரில் இருக்கிறதோ, அந்தப் புதரைக் காட்டிக்கொடுத்தால் பணம் உண்டு. கண்டுபிடித்தவர் பெயரே புதருக்கும் வைக்கப்படும். சூய், ஹார்டிங், ஆடம்ஸ், ரூபல் என்று இன்றும் அறிவியல் ஏடுகளில் நிற்கும் ரகப் பெயர்கள் அந்த எளிய மனிதர்களுடையவை. கல்லூரிப் படிப்பு இல்லாதவர்களின் காட்டறிவுக்கு உரிய மரியாதையைப் பெயரோடு சேர்த்துக் கொடுத்த அந்த ஏற்பாடு, பயிர் வரலாற்றில் அரிதானது.

வந்த புதர்களில் பெரும்பாலானவை கழிக்கப்பட்டன. பழம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாதே. சுவை வேண்டும், குளிரைத் தாங்கவேண்டும், நோய் அண்டக்கூடாது, வெட்டி வைத்த குச்சி வேர்விடவேண்டும். தேறிய சிலவற்றிலிருந்து 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. நியூஹாம்ப்ஷயரில் கோவிள் கண்டெடுத்த புரூக்ஸ் என்ற புதரையும் நியூஜெர்சியின் சூயையும் கலந்து உருவான பயனீர், 1920இல் வெளியான முதல் கலப்பின ரகங்களில் ஒன்று.

கலப்பு செய்யும் வேலையை அருகில் நின்று பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். புளூபெர்ரிப் பூ, வாய் குறுகிய சிறு ஜாடி வடிவில் தலைகீழாகத் தொங்குவது. விரியும் முன்பே ஆய்வாளர் இடுக்கியால் அதன் இதழ்க்குழலையும் மகரந்தத்தாள்களையும் அகற்றிவிடுகிறார். நடுவில் சூல்தண்டு மட்டும் பச்சை ஊசிபோல் நிற்கும். இன்னொரு செடியின் பூவை விரல்களுக்கிடையே உருட்டினால், மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகத் தூள் உதிரும். அதைக் கட்டைவிரல் நகத்தில் ஏந்தி, சூல்தண்டின் நுனியை அதில் ஒற்றி எடுக்கவேண்டும். காட்டில் இதே வேலையை வண்டுத்தேனீக்கள் செய்கின்றன. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அவை மகரந்தத்தை உதறி எடுத்துவிடும்.

காய் பழுக்க இரண்டு மூன்று மாதங்கள். பழத்தைத் தண்ணீரில் மசித்தால் நல்ல விதை அடியில் தங்கும். பொடிமணல் அளவுதான் இருக்கும். ஒரே பழத்தின் விதைகளிலிருந்து முளைக்கும் நாற்றுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றின் பழம் இனிக்கும், ஆனால் கையிலெடுத்தாலே நசுங்கும். அடுத்தது திடமாக இருக்கும், வாயில் வைத்தால் சப்பென்றிருக்கும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் நாற்று விடுகிறார்கள்.

இந்தப் பயிரைத் தெற்கே கொண்டுபோன கதை தனியாகச் சொல்லத் தக்கது. கண்ணாடிக்கூடத்தின் கதகதப்பில் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்த செடிகள் வசந்தம் வந்தும் சரியாகத் துளிர்க்கவில்லை என்பதைக் கோவிளே கவனித்தார். ஒரு செடியின் ஒரே ஒரு கிளையைக் கண்ணாடியின் துளை வழியாக வெளிக்குளிருக்கு நீட்டிவைத்தார். வசந்தத்தில் அந்தக் கிளை மட்டும் இலைவிட்டது. உறக்கம் கலைவதற்கே குளிர் வேண்டும் என்று 1920இல் அவர் எழுதினார். வடக்கத்திய ரகங்களுக்கு ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே 800 முதல் 1,000 மணி நேரம் குளிர் வேண்டியிருக்கிறது. ஃபுளோரிடாவில் அத்தனை குளிர் கிடைக்காது.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஷார்ப் 1940களின் இறுதியில் இதற்கு வழி தேடத் தொடங்கினார். அந்த மாநிலத்தின் மணற்காடுகளிலேயே வாக்சினியம் டாரோவி என்ற குட்டையான, எப்போதும் பசுமையான உறவுச்செடி இருந்தது. அதற்குக் குளிர் மிகக் குறைவாகவே வேண்டும். சிக்கல் வேறிடத்தில். தோட்டப் புளூபெர்ரியின் செல்லில் 48 குரோமோசோம்கள். டாரோவிக்கு 24 மட்டுமே. இரண்டையும் கலந்தால் பொதுவாக வளமான சந்ததி பிறக்காது. ஆனால் எப்போதாவது, டாரோவியின் பாலணு ஒன்று தன் குரோமோசோம்களைப் பாதியாக்காமல் 24ஐயும் அப்படியே கொண்டுவந்துவிடும். மறுபக்கத்திலிருந்து வருவதும் 24. கூட்டினால் 48, சந்ததி வளமாக இருக்கும். இயற்கையின் இந்த அரிய பிசகைப் பிடித்துக்கொண்டுதான் தெற்கத்திய ரகங்களின் மரபு தழைத்தது. 1970களில் ஷார்ப்புளூ வெளியானது. மிசிசிப்பியில் அமெரிக்க வேளாண்மைத் துறை உருவாக்கி 1998இல் வெளியிட்ட பிலாக்சி, பின்னாளில் பெரு நாட்டின் பாலைக் கரையோரங்களில் பரவியது. அந்நாடு இன்று புளூபெர்ரி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்பதற்கு இத்தகைய குறைகுளிர் ரகங்களே அடிப்படை. நீலகிரிச் சோலைகளில் வளரும் வாக்சினியம் லெஷனால்டியும் இதே பேரினம்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நாற்றுகள் வயலுக்குப் போனபின் தேர்வு தொடங்குகிறது. நெருக்கி நட்ட வரிசைகளுக்கு நடுவே ஆய்வாளர் நடந்துபோகிறார், பறிக்கிறார், சுவைக்கிறார், பிடித்த செடியில் பட்டை கட்டுகிறார். மற்றவை அகற்றப்படும். தேறியவற்றைக் குச்சி வெட்டிப் பெருக்கிச் சில செடிகளாக நட்டு மீண்டும் பார்க்கிறார்கள். அதில் தேறுபவை பல ஊர்களில், பல மண்ணில், பல ஆண்டுகள் சோதிக்கப்படும். முதல் கலப்பிலிருந்து பெயர் வைக்கும் நாள் வரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிவிடுவது சாதாரணம். கடைசியில் நிற்கும் ஒரு செடியின் குச்சிகளே தோட்டங்களெங்கும் போகின்றன. 1987இல் வெளியான டியூக் ரகத்தின் புதர் எந்த நாட்டில் நின்றாலும், மரபணுவில் அது அந்த ஒரே நாற்றுதான்.

இந்தச் சோதனைகளில் வாங்குபவர் கண்ணில் படாதது காம்புத் தழும்பு. பழத்தைப் பறித்த இடத்தில் ஒரு சிறு வட்டம் இருக்கும். அது சிறியதாக, உலர்ந்ததாக இருந்தால் பழம் வாரக்கணக்கில் தாங்கும். தோல் கிழிந்து ஈரமாக இருந்தால் பூஞ்சை அந்த வழியாகவே உள்ளே நுழையும். மேலே படிந்திருக்கும் சாம்பல் பூச்சையும் பார்க்கிறார்கள். அது தூசியல்ல, பழமே சுரக்கும் மெழுகு. தோலின் நிறமி கருஞ்சிவப்புதான். மெழுகின் நுண்ணிய அமைப்பு நீல ஒளியைச் சிதறடிப்பதால்தான் பழம் நீலமாகத் தெரிகிறது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் விளக்கினார்கள். விரலால் தேய்த்துப் பார்த்தால் போதும், நீலம் மறைந்து கருமை தெரியும். திடத்தைக் கருவியால் அழுத்தி அளக்கிறார்கள். எந்திரம் புதரை உலுக்கிப் பறிக்கும்போது பழம் விழுந்து அடிபடாமல் இருக்கவேண்டுமே.

விளைவிப்பவருக்கும் ஏற்றி அனுப்புபவருக்கும் வேண்டியதை இவை எல்லாம் அளந்துவிடுகின்றன. தின்பவருக்கு வேண்டியதை அளக்க நெடுங்காலம் சர்க்கரையும் புளிப்பும் போதும் என்றிருந்தார்கள். அது பெரும் குறை. ஃபுளோரிடாவில் பொதுமக்களை உட்காரவைத்துப் பல ரகங்களைச் சுவைக்கக் கொடுத்து மதிப்பெண் வாங்கி, பழத்தின் வேதிப்பொருள்களோடு ஒப்பிட்டார்கள். இனிப்பு, மென்று உணரும் பதம், சுவையின் அழுத்தம் ஆகிய மூன்றும் மக்களின் விருப்பத்தோடு சேர்ந்தே ஏறின. புளிப்பு கூடக்கூட விருப்பம் குறைந்தது. மூக்குக்கு எட்டும் மணப்பொருள்களின் பங்கும் தெரியவந்தது. கடித்தால் மொறுமொறுக்கும் ரகங்களைத் தேடி வளர்ப்பது இன்று பெரிய இலக்கு.

டிரேப்பர் என்ற ரகத்தின் மரபணுத் தொகுதி 2019இல் முழுமையாக வெளியானதும் வேலை இன்னும் மாறியது. ஓர் இலையின் டிஎன்ஏவைப் படித்து, நாற்றாக இருக்கும்போதே எது தேறும் என்று கணிக்க முயல்கிறார்கள். முதல் கட்டத்தின் சில ஆண்டுகளை இது மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு புதர் முழு விளைச்சலுக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பூத்த நேரத்தில் உறைபனி பெய்தால் என்னாகும், தொடர்மழையில் பழம் வெடிக்குமா, மூன்றாவது வாரமும் குளிர்ப்பெட்டியில் திடமாக இருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை வயலில்தான் இருக்கிறது. அதனால் பல ஊர்ச் சோதனை வயல்களும் சுவைப்பவர்கள் வரிசையும் இன்றும் அப்படியே தொடர்கின்றன.