ஒரு கணினி, ஐந்து கைகள்

பிழைக்க வந்த ஊரில் பங்கு போட்டு வாழ்வது நமக்குப் புதிதல்ல. நாலு குடித்தனத்துக்கு ஒரே குழாய், துணி காயப்போட ஒரே கொடி என்று பெங்களூரில் காலம் தள்ளியவர்கள்தாம் நாம். ஆகவே, என் மகளின் பள்ளியில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்று கேள்விப்பட்டபோது, "சிக்கனம்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

ஆண்டு முடிவில், "கம்ப்யூட்டர்ல என்னம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். "நான் மவுஸைத் தொட்டதே இல்லப்பா. அந்தப் பையன் தரவே மாட்டான்" என்றாள்.

இதே குறைக்கு நம்ம ஊரிலேயே விடை தேடியிருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 2005-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் உதய் சிங் பவார், ஜயோஜீத் பால், கென்டாரோ டொயாமா ஆகியோர் 'மல்ட்டிமவுஸ்' என்ற முறையை உருவாக்கினர். சாதாரணமாக எத்தனை மவுஸைச் செருகினாலும் திரையில் ஒரே அம்புக்குறிதான் நகரும். இவர்களுடைய மென்பொருளோ ஒவ்வொரு மவுஸையும் தனியே அடையாளம் கண்டு, ஆளுக்கொரு அம்புக்குறி தந்தது.

செலவைப் பாருங்கள். ஐந்து கணினி வாங்க வேண்டிய இடத்தில் ஒன்று போதும். கூடுதலாக நாலு மவுஸ், அவற்றைச் செருக ஒரு யூஎஸ்பி ஹப், அவ்வளவே. மின்சாரமும் மிச்சம்.

படிப்பு குறையாதா? கிராமப்புற ஏழைப் பிள்ளைகள் 238 பேரிடம் ஆங்கிலச் சொற்களைக் கற்பித்துச் சோதித்த ஆய்வு 2007-இல் வெளியானது. ஆளுக்கொரு மவுஸுடன் ஐவர் சேர்ந்து கற்றது, மொத்தத்தில் தனிக் கணினியில் கற்றதற்கு ஈடாகவே இருந்தது. ஆனால் விதி முக்கியம். முந்தியவருக்கே வெற்றி என்ற போட்டிக்கும், சேர்ந்து விடை காணும் முறைக்கும் கற்றலில் பெருத்த வித்தியாசம் தெரிந்தது. குறிப்பாகப் பையன்கள் கற்ற அளவு முறைக்கு முறை மாறியது. பெண்பிள்ளைகளோ எல்லா முறையிலும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. சொற்பயிற்சிக்கு ஒரே திரை போதும். கட்டுரை தட்டச்சு செய்ய ஆளுக்கொரு திரையும் விசைப்பலகையும் வேண்டும்.

வீட்டில் ஒரே மடிக்கணினியை இரண்டு பிள்ளைகளுக்குத் தரும் பெற்றோர், கடிகாரம் பார்த்து முறை வையுங்கள். காசு மிச்சமானதா என்று மட்டும் கணக்குப் போடாமல், யார் கை படவில்லை என்றும் கேளுங்கள். நான் ஒரு வருஷம் தாமதமாகத்தான் கேட்டேன்.