எஞ்சினின் மூச்சுக்குழல்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தபின் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. பாறைகளுக்கிடையே ஓடும் ஆற்றை விட்டு நீங்கும் அது, 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தை எட்டுகின்றது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் வேகம் தணிகிறது. ஓட்டுநர் மீண்டும் மிதியை அழுத்துகிறார். டர்போசார்ஜர் பொருத்திய எஞ்சினாயின் ஒரு கணம் தயங்கி, அதன்பின் வீறுகொண்டு எழுகிறது. அத்தயக்கம் நீள்வதும் குறுகுவதும் டர்போசார்ஜரை மட்டும் பொறுத்தவை அல்ல. எஞ்சினுக்குள் காற்றைப் பகிர்ந்தளிக்கும் ‘இன்டேக் மானிஃபோல்டு’ என்னும் குழாய்த் தொகுதிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

வீணாகும் புகையின் சக்தியால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனைக் கொண்டு எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டும் முறைக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மலைக்கும் இக்கருவிக்கும் உள்ள உறவு அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்திற்கு லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றைச் சான்ஃபோர்டு மாஸ் கொண்டு சென்றார். தாழ்நிலத்தில் 350 குதிரைத் திறன் தந்த அந்த எஞ்சின், சிகரத்தில் 230 மட்டுமே தந்தது. டர்போசார்ஜரை இணைத்ததும் 356 ஆயிற்று.

காற்றை அமுக்கி அனுப்பிவிட்டால் குழாயின் வடிவம் எவ்வாறிருப்பினும் கேடில்லை என்று கருதுவோர் பட்டறைகளில் பலர். இது தவறு. 500 குதிரைத் திறன் தரும் பெட்ரோல் எஞ்சின், நிமிடத்திற்கு ஏறத்தாழ 22 கிலோகிராம் காற்றை விழுங்குகிறது. மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையின் காற்று முழுவதும் ஒரு நிமிடத்தில் அத்தொகுதி வழியே சென்றாக வேண்டும். அதனினும் முக்கியமானது, அக்காற்று எல்லாச் சிலிண்டர்களுக்கும் சமமாய்ப் பிரிய வேண்டும் என்பது.

ஒரு முனையில் காற்று நுழையும் நேரான பெட்டி போன்ற காற்றறையில் சமப் பிரிவினை நிகழ்வதில்லை. விரைந்து வரும் காற்று முதற் கிளைக்குழாயின் வாயைத் தாண்டி ஓடிவிடுகிறது. கடைசிச் சுவரை நெருங்க நெருங்க வேகம் தணிந்து அழுத்தம் கூடுகிறது. ஆகவே இறுதியில் உள்ள சிலிண்டருக்கு மிகுதியான காற்றும் முதல் சிலிண்டருக்குக் குறைவான காற்றும் கிட்டுகின்றன. பெட்ரோலோ எல்லாவற்றிற்கும் ஒரே அளவில் தெளிக்கப்படுகிறது. மிகுதியான காற்றைப் பெற்ற சிலிண்டரில் கலவை மெலிந்து, உஷ்ணம் ஏறி, எரிபொருள் தானே வெடிக்கத் தொடங்கினால், பிஸ்டனின் தலையில் துளை விழச் சில விநாடிகள் போதும். டீசல் எஞ்சினில் நிலைமை மாறானது. அங்கே காற்றுக் குறைந்த சிலிண்டரே கரும்புகை கக்கி மிகையாய்ச் சூடேறுகிறது. காற்றறையை நுழைவாயிலிலிருந்து மறுமுனை நோக்கிப் படிப்படியாய் ஒடுங்கச் செய்வது இக்குறைக்கு நல்ல பரிகாரம். அழகுக்காக வாங்கப்படும் பளபளப்பான நேர்ப்பெட்டிகள் பல இவ்வகையில் ஏமாற்றமளிப்பவை.

அடுத்தது கிளைக்குழாயின் நீளம். குழாயில் ஓடும் காற்றுக்கும் நிறை உண்டு. வால்வு மூடும் தறுவாயிலும் அது தன் வேகத்தால் உள்ளே நெருக்கிக்கொண்டு நுழையும். அமுக்கிய காற்றிலும் இவ்விளைவு மறைவதில்லை. நீண்டு ஒடுங்கிய குழாய், குறைந்த சுழற்சி வேகத்தில் இவ்வுதவியைத் தருகிறது. குட்டையாய் அகன்றது மிகுந்த வேகத்தில் தருகிறது. கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளிப்படும் எஞ்சின், புகை போதாமையால் டர்போசார்ஜர் விழித்தெழும் வரை தானே மூச்சிழுத்தாக வேண்டும். எனவே கல்லாற்றிலிருந்து சுமையுடன் ஏறும் வண்டிக்குப் பந்தயக் காரின் குட்டைக் குழாய்த் தொகுதியைப் பூட்டுவது, குதிரைத் திறனை ஏட்டில் கூட்டிச் சாலையில் குறைப்பதாகும்.

குட்டைக் குழாய்க்கும் உரிய இடம் உண்டு. வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையில் 1964ஆம் ஆண்டு முதல் உருவான டபிள்யூ.டி.எம்.-2 ரயில் எஞ்சின், 16 சிலிண்டர்களும் டர்போசார்ஜரும் கொண்டு 2,600 குதிரைத் திறன் தந்தது. அதன் காற்று, குளிர்விப்பானைக் கடந்து பொதுவான பெரிய காற்றறையில் நிறைந்து, முழங்கை போன்ற குட்டைக் குழாய்கள் வழியே சிலிண்டர்களை அடைந்தது. அந்த எஞ்சின் சக்கரங்களை நேரே சுழற்றவில்லை, மின்னாக்கியையே சுழற்றியது. ஆகையால் வண்டி ஊர்ந்தபோதும், வேண்டிய திறனுக்கேற்ற சுழற்சியில் அதனை இயக்க முடிந்தது. எனினும், நிலையத்தை விட்டுப் புறப்படுகையில் அது எழுப்பிய கரும்புகைத் தூணை ரயில் பயணிகள் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் முந்த, காற்றுப் பிந்தியதன் அடையாளமே அது.

காற்றறையின் கொள்ளளவு, எஞ்சினின் கொள்ளளவுக்குச் சமமாகவோ ஒன்றரை மடங்காகவோ இருக்கலாம் என்பது வழக்கிலுள்ள ஒரு கணக்கு; விதி அன்று. சிறியதாயின் சிலிண்டர்கள் ஒன்றின் காற்றை ஒன்று பறிக்கும். பெரியதாயின் நிரம்ப நேரமாகி மிதியின் அழுத்தத்திற்கு எஞ்சின் சுணங்கும்.

வலிமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அளவு மிகையான அழுத்தம் உள்ளே நிலவுமாயின், 40 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பக்கத் தகட்டின் மீது 600 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசை தாக்குகிறது. மெல்லிய தகடு புடைத்துச் சுருங்கி, பற்றவைத்த விளிம்பில் விரிசல் காணும். மேலும், 30 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால், அமுக்கியின் திறன் நூற்றுக்கு எழுபது எனக் கொண்டால், அதன் உஷ்ணநிலை 125 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும். இடையில் குளிர்விப்பான் இன்றி எத்தகைய மானிஃபோல்டும் முழுப் பயன் தராது.

புதிய தொகுதியைப் பொருத்தியபின் அழுத்தமானியின் முள் முன்னைவிடத் தாழ்ந்து நிற்பதுண்டு. அதைக் கண்டு பலர் கலங்குகின்றனர். அம்முள் காட்டுவது காற்றின் அளவை அன்று, காற்றுக்கு எஞ்சின் கொடுக்கும் தடையையே. தடை குறைந்து காற்று எளிதாய்ச் சென்றாலும் முள் இறங்கும். ஒவ்வொரு சிலிண்டரின் புகைக் கிளையிலும் உஷ்ணமானி வைத்து அளப்பதே நம்பத்தக்க சோதனை. அவ்வசதி இல்லாத மெக்கானிக்குகள் பெட்ரோல் வண்டியை மலை மீது முழு விசையில் ஏற்றி, உடனே எஞ்சினை நிறுத்தி, தீப்பொறி பிளக்குகளை வரிசையாய்க் கழற்றிப் பார்ப்பர். மற்றவை பழுப்பாயிருக்க ஒன்று மட்டும் வெளுத்திருப்பின், அச்சிலிண்டரில் கலவை மெலிந்துள்ளது. அடுத்த ஏற்றத்திற்குமுன் அதன் கிளைக்குழாயையும் எரிபொருள் தெளிப்பானையும் சோதித்துவிடுவர்.