மன்னார் ஆயர் கேட்ட கணக்கு

விருதுநகரை அடுத்த குல்லூர்சந்தை முகாமில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருவதைச் சிவகாசி வட்டாரப் பங்கு மக்கள் நன்கறிவர். அவர்தம் தாயகமான இலங்கையைக் காமன்வெல்த் அமைப்பினின்று தற்காலிகமாக இடைநீக்கம் செய்ய வேண்டுமென, 2013 அக்டோபர் 24ஆம் நாள் நம் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. சிங்களவருக்கு இணையாகத் தமிழரும் உரிமையோடு வாழும் நாள்வரை அந்நாடு வெளியே நிற்கட்டும் என்பதே அதன் கருத்து.

இது புதுமையான கோரிக்கையன்று. 1995 நவம்பரில் நைஜீரிய இராணுவ ஆட்சி, எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் அவர்தம் தோழர் எண்மரையும் தூக்கிலிட்டது. அவ்வேளை நியூசிலாந்தில் கூடியிருந்த காமன்வெல்த் தலைவர்கள் மறுநாளே அந்நாட்டை இடைநீக்கம் செய்தனர். 1999இல் மக்களாட்சி திரும்பிய பின்னரே கதவு திறந்தது.

இலங்கைக்கோ நேர்மாறான மரியாதை! 2013 நவம்பரில் மாநாடு கொழும்பிலேயே கூடிற்று. அதிபர் இராசபக்சே அமைப்பின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். கனடாப் பிரதமர் செல்ல மறுத்தார். நம் பிரதமரும் செல்லவில்லை. எனினும் வெளியுறவு அமைச்சரை அனுப்பி வைத்தார். அரை மனம் என்பது இதுதான் போலும்!

இடைநீக்கத்தால் மாண்டவர் மீள்வரோ எனச் சிலர் வினவுவர். மீளார். ஆயினும், மாண்டவரைப் பற்றி விடையளிக்காத அரசை மேடையேற்றி மாலையிடுவது, கேட்போரின் வாயை அடைப்பதாகும் என்றே நாம் எண்ணுகிறோம். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை கேட்டது வெறும் கணக்கு. அரசு அலுவலகப் பதிவுகளின்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். 2009இல் போர் முடிந்தபோது வெளிவந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேர் எங்கே என, 2011 சனவரியில் அரசே அமைத்த விசாரணைக் குழுமுன் அவர் வினவினார். 2021 ஏப்ரல் 1 அன்று ஆண்டகை இறைவனில் துயில்கொண்டார். அதுவரை அவருக்கு நிறைவான விடை கிட்டவில்லை.