குளத்து மீனுக்கு ஐம்பது நிறம் எதற்கு?

ஒஹாயோவில் வசிக்கும் வாசகர் ஒருவர், வீட்டருகே உள்ள சின்னக் குளத்தில் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்க எந்த நிறத்தில் போலி இரை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். கடையில் ஐம்பது நிறங்கள் தொங்குகின்றனவாம். நிறத்துக்காகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண் என்பதே என் பதில். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மீனின் கண்ணை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கண்ணில் நிறம் அறிய இருப்பவை இரண்டே வகைக் கூம்பு செல்கள். ஒன்று பச்சைக்கு, இன்னொன்று சிவப்புக்கு. அந்த இரண்டு நிறங்களையும் நன்றாகப் பிரித்தறிந்த மீன்கள், பளீரென்ற எலுமிச்சை மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இடையே தடுமாறின. கருநீலமும் கறுப்பும் அவற்றுக்கு ஒன்றாகவே இருந்தன. குளம் கலங்கியிருந்தால் மிச்ச வித்தியாசமும் மங்கிவிடும். அடர்நிறத்தில் ஒன்று, வெளிர்நிறத்தில் ஒன்று வாங்கினால் போதும்.

கண் கைவிடும் இடத்தில் பக்கக்கோடு பொறுப்பேற்கிறது. இந்த மீனிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை, ஜெல்லித் தொப்பி போட்ட நுண்மயிர்க் கொத்துகள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் அசைந்தால் தொப்பி சாயும். சாய்ந்தால் மூளைக்குச் செய்தி போகும். காற்றில் நெற்கதிர் சாய்வதைப் போலத்தான். தோலின் மேலே உள்ள கொத்துகள் திறந்த வயல். மெல்லிய காற்றுக்கும் சாயும். தோலுக்கடியில் குழாய்க்குள் இருப்பவை மதில் சூழ்ந்த வயல். சீராக வீசும் காற்று அங்கே எட்டாது, திடீரென்று அடிக்கும் வீச்சு மட்டும் மதில் துளை வழியே நுழைந்து சில கதிர்களைச் சாய்க்கும். எந்தப் பாத்தி முதலில் சாய்ந்தது, எது பலமாகச் சாய்ந்தது என்பதை வைத்தே காற்று வந்த திசையை வரப்பில் நிற்கும் விவசாயி சொல்லிவிடுவார். மீனின் மூளையும் அப்படித்தான் இரை இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. ஆனால் இந்த வயலின் நீளம் மீனின் நீளம்தான். ஆகவே அதற்குத் துல்லியமாகத் தெரிவதும் தன் உடலைப் போல ஒன்றிரண்டு மடங்கு தூரம்தான். அதற்கு அப்பால் காதும் கண்ணும்தான் துணை.

ஆக, போலி இரை தண்ணீரை எப்படி அசைக்கிறது என்பதே கேள்வி. உள்ளே குண்டுகள் குலுங்கும் கிராங்க்பெய்ட் என்ற கெட்டிப் போலி இரை ஒவ்வொரு முறையும் ஒரே தாளத்தில் தண்ணீரை உதைக்கும். மீன் நினைவில் வைத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான அடையாளம் கிடையாது. சின்னக் குளத்தில் நாம் வீசுவதெல்லாம் அதே சில மீன்களுக்குத்தான். பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டாலும், தொடர்ந்து தூண்டில் போடப் போட மாட்டுவது குறைந்துகொண்டே போகும். அதனால்தான் எடை எதுவும் கட்டாத ஐந்து அங்குல மென்பிளாஸ்டிக் புழுவைப் பரிந்துரைக்கிறேன். புழுவின் நடுவில் முள்ளைக் குத்தி, கரையோரக் களையை ஒட்டி வீசி, தூண்டில் நரம்பைத் தளர விட வேண்டும். புழு கிடையாக, இரு முனையும் துடித்தபடி மெல்ல இறங்கும். இழுக்கக் கூடாது. மீன் கவ்வுவது பல சமயம் கையில் தெரியாது. தளர்ந்து கிடக்கும் நரம்பு சட்டென்று துள்ளும், அல்லது பக்கவாட்டில் நகரத் தொடங்கும்.



போட்டிகளில் சத்தமிடும் இரைகள் ஜெயிக்கின்றனவே என்று கேட்கலாம். அந்தப் போட்டிகள் பரந்த நீர்த்தேக்கங்களில் நடப்பவை. ஒவ்வொரு வீச்சும் புதிய மீனைத் தேடிப் போகிறது, அங்கே சத்தமும் வேகமும் உதவும். மழைக்குப் பின் சேறாகிவிட்ட குளத்திலும் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட்டை மெதுவாக இழுப்பது நல்லது. ஓசையில்லாத புழுவை மீன் கண்டுபிடிக்காமலே போகலாம். இன்னும் வலுவான ஆட்சேபம் இல்லினாயின் ரிட்ஜ் ஏரியிலிருந்து வருகிறது. நான்கு ஆண்டுகள் பிடித்து, பதிந்து, திரும்ப விட்டபின் ஏரியை வடித்தபோது 1,700-க்கு மேற்பட்ட பாஸ் கிடைத்தன. சுமார் 200 மீன்கள் ஒருமுறைகூட மாட்டியிருக்கவில்லை. ஒன்றோ ஒரே ஆண்டில் 16 முறை மாட்டியிருந்தது. எளிதில் மாட்டும் இந்தக் குணம் பரம்பரையாக வருகிறது என்பதை, மீன்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து ஆய்வாளர்கள் 2009-இல் நிறுவினார்கள். எனவே என் புழுவுக்கும் மாட்டாத மீன்கள் குளத்தில் இருக்கும். அதை ஒப்புக்கொள்ளும் விளம்பரம் எதையும் நான் பார்த்ததில்லை.

இரைகளுக்குக் கிடைக்கும் வசந்தகாலப் பாராட்டையும் நம்ப வேண்டாம். அப்போது ஆண் பாஸ் கரையோரத்தில் குழி பறித்து முட்டைகளைக் காக்கிறது. பசி இல்லாவிட்டாலும், நெருங்கி வரும் எதையும் பாய்ந்து கவ்வும். எளிதில் மாட்டும் வம்சத்து ஆண்களே முட்டையை அதிக அக்கறையோடு காப்பவை என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. காவல் நிற்கும் அந்த ஆண் மீனைப் புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடித்திருக்கும் சில நிமிடங்களே போதும், புளூகில் மீன்கள் குழியில் இறங்கி முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும்.