வீட்டிலிருந்தே ஆசிரியப் பயிற்சி



வட இந்தியாவின் சிற்றூர் ஒன்றில் தொடக்கப் பள்ளியில் பணிபுரியும் ஒரு பெண்மணியை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரையில் படித்தவர். ஆசிரியருக்குத் துணையாக இருக்கட்டும் என்று பள்ளியில் சேர்க்கப்பட்டவர். நாளடைவில் முதல் இரண்டு வகுப்புகளும் அவர் பொறுப்புக்கே வந்துவிட்டன. ஊரார் அவரை ஆசிரியை என்று அழைக்கின்றனர். சட்டம் அவ்வாறு அழைப்பதில்லை. முறையான பயிற்சி அவருக்கு இல்லை. பயிற்சிப் பள்ளியோ மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. ஈராண்டுக் காலம் அங்கே சென்று தங்கினால், அவ்விரு வகுப்புகளையும் யார் கவனிப்பது? அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிவது?

இத்தகையோருக்காக வகுக்கப்பட்டதே தொலைநிலை ஆசிரியப் பயிற்சி. பாடங்களை அஞ்சலில் அனுப்பிக் கற்பிக்கும் முறை நமக்குப் புதியதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டிலேயே அம்முறையில் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. ஆனால் வரலாற்றையும் பொருளாதாரத்தையும் நூலைக் கொண்டே பயின்றுவிடலாம். ஆசிரியத் தொழிலை அவ்வாறு பயில இயலுமா? நீந்தக் கற்பவன் என்றேனும் ஒரு நாள் ஆற்றில் இறங்கியாக வேண்டுமன்றோ? எனவேதான் நம் நாட்டு விதிகள் இப்பயிற்சியைப் பெரும்பாலும் ஏற்கெனவே பள்ளியில் பணியாற்றுகிறவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கின்றன. பாடத்தை வீட்டில் படிக்கலாம்; ஆனால் படிப்பவருக்குத் தினமும் சென்று நிற்பதற்கு ஒரு வகுப்பறை இருக்க வேண்டும் என்பது கருத்து.

இக்கருத்து சரியானதே என்பது என் அபிப்பிராயம். ஓர் உதாரணம் சொல்கிறேன். நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கச் சொன்னால், ஒரு சிறுவன் முப்பத்தைந்து என்று எழுதுகிறான். பயிற்சியில்லாத ஆசிரியை அதன்மேல் சிவப்புக் கோடிட்டு, "கவனமாகப் போடு" என்று சொல்லி விட்டுவிடுவார். அதே ஆசிரியை அன்றிரவு விளக்கடியில் அமர்ந்து, குழந்தைகள் செய்யும் பிழைகளைப் பற்றிய பாடத்தைப் படிக்கிறார். சிறுவன் கவனக்குறைவால் தவறவில்லை என்பது அப்போது அவருக்குப் புலனாகிறது. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று அவன் கற்றிருக்கிறான். ஆகவே இரண்டிலிருந்து ஏழைக் கழிப்பதற்குப் பதிலாக, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். இது உண்மையானால், அறுபத்து மூன்றிலிருந்து இருபத்தெட்டைக் கழிக்கச் சொன்னால் அவன் நாற்பத்தைந்து என்றே எழுத வேண்டும். மறுநாள் காலையில் அக்கணக்கைக் கொடுத்துப் பார்க்கிறார். அவன் நாற்பத்தைந்து என்றே எழுதுகிறான்! உடனே ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நான்கு கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவன்முன் வைக்கிறார். பதினேழு குச்சிகளை எடுக்கச் சொல்கிறார். ஏழு உதிரிக் குச்சிகள் இல்லாததைக் கண்ட சிறுவன் தயங்கி, பிறகு தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கிறான். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்ன என்பது அவன் கைகளுக்கே விளங்கிவிடுகிறது.

இரவில் படித்தது காலையில் சோதனைக்கு வருவது, கல்லூரி விடுதியில் தங்கிப் பயில்வோருக்குக்கூட எளிதில் கிட்டாத வாய்ப்பு. ஆயினும் இதில் ஒரு குறையும் உண்டு. தாம் பாடம் நடத்தும்போது எந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறோம், எந்தப் பிள்ளையைப் பார்ப்பதே இல்லை என்பதை ஒருவர் தாமாக அறிந்துகொள்ள முடியாது. வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து அதைக் கவனித்துச் சொல்ல அனுபவமுள்ள இன்னொருவர் வேண்டும். தொலைநிலைப் பயிற்சியின் மெலிந்த இடம் இதுவே. தலைமையாசிரியர் வகுப்பில் வந்து அமராமலே கையொப்பமிட்டுவிட்டால், கற்பித்தல் பயிற்சி என்பது வெறும் ஏட்டளவில் நின்றுவிடும்.

இனி, பயிற்சியை முடித்தவர்களுக்கு நேர்ந்தவற்றைப் பார்ப்போம்.

உத்தரப் பிரதேச அரசு 1999ஆம் ஆண்டில் சிக்ஷா மித்ரா என்ற திட்டத்தைத் தொடங்கியது. கல்வித் தோழர் என்று அப்பெயருக்குப் பொருள். உள்ளூரில் படித்தவர்களைச் சிறு மதிப்பூதியத்தில், ஒப்பந்த முறையில் பள்ளிகளில் துணையாக அமர்த்துவதே அத்திட்டம். காலப்போக்கில் அவர்களுடைய எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைக் கடந்தது. அவர்களுள் பட்டதாரிகளுக்கு ஈராண்டுத் தொலைநிலைப் பயிற்சி அளிக்க 2011இல் அனுமதி கிடைத்தது. பயிற்சி பெற்றவர்களை 2014 முதல் மாநில அரசு நிரந்தர உதவி ஆசிரியர்களாக நியமித்தது. ஆனால் 2015 செப்டம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்நியமனங்களை ரத்துச் செய்தது. 2017 ஜூலை 25ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர்களை, முறையான தேர்வுமின்றி நிரந்தரப் பதவியில் அமர்த்தலாகாது என்பது தீர்ப்பின் சாரம். இனி வரும் இரண்டு ஆட்சேர்ப்புகளில், தகுதித் தேர்வில் தேறினால், வயது வரம்பைத் தளர்த்தியும் அனுபவத்துக்கு மதிப்பளித்தும் அவர்களைக் கருதலாம் என்று நீதிமன்றம் வழிவிட்டது. ஆயினும் உதவி ஆசிரியர் என்று கையொப்பமிட்டு வந்தவர்கள் மீண்டும் கல்வித் தோழராகவே அதே பள்ளிக்குள் நுழைய வேண்டியதாயிற்று. அவர்கள் பெற்ற பயிற்சி பொய்யன்று. அது எந்தக் கதவைத் திறக்கும் என்பதைத்தான் எவரும் முன்கூட்டி உறுதி செய்து வைக்கவில்லை.

அதே 2017ஆம் ஆண்டில் இதனினும் பெரிய முயற்சி ஒன்று நாடு முழுவதற்குமாக எழுந்தது. 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பயிற்சியில்லாத ஆசிரியர்கள் ஐந்தாண்டுகளுக்குள் தகுதி பெற வேண்டும் என்று கூறியிருந்தது. அக்கெடு கடந்தும் பல லட்சம் பேர் பயிற்சியின்றியே இருந்தனர். ஆகவே 2017 ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டு, 2019 மார்ச் 31 இறுதி நாளாகக் குறிக்கப்பட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் பதினெட்டு மாதத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியை அறிவித்தது. 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர். ஸ்வயம் என்னும் இணையத் தளத்திலும், ஸ்வயம் பிரபா என்னும் தொலைக்காட்சி அலைவரிசையிலும் பாடங்கள் வந்தன. நேர்முக வகுப்புகளுக்கு அருகிலுள்ள கல்வி மையத்துக்குச் செல்ல வேண்டும். இவற்றோடு எழுத்துப் பணிகள், பட்டறைகள், பள்ளியிலேயே செய்ய வேண்டிய கற்பித்தல் பயிற்சி ஆகியனவும் இருந்தன. வாரத்தில் ஆறு நாள் பள்ளி, ஓய்வு நாளில் படிப்பு என்று ஒன்றரை ஆண்டுகளை ஓட்டிய குடும்பப் பெண்களின் பொறுமையை எந்தச் சான்றிதழும் குறிப்பதில்லை.

இங்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. வழக்கமான பட்டயம் ஈராண்டுப் படிப்பு. இதுவோ பதினெட்டு மாதம். புதிய பதவிக்கு விண்ணப்பிக்கையில் இரண்டும் சமமாகுமா? சமமாகாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பினால் கலங்கியவர்களுக்கு 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது. 2017 ஆகஸ்ட் 10ஆம் நாளன்று பணியில் இருந்து, 2019 ஏப்ரல் முதல் நாளுக்கு முன் இப்பயிற்சியை முடித்தவர்களின் பட்டயம் செல்லும். வேறு பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கவும் பதவி உயர்வுக்கும் அது பயன்படும் என்பதே அவ்விளக்கம். இதைப் பெறுவதற்கு அவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

வீட்டிலிருந்தே ஆசிரியராகலாம் என்று கூவும் விளம்பரங்களுக்கு இன்று குறைவில்லை. பணம் கட்டுவதற்கு முன் நேயர்கள் சிலவற்றை எழுத்து மூலமாகவே கேட்டுப் பெறுவது நல்லது. அப்படிப்பைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழு அங்கீகரித்திருக்கிறதா? அங்கீகாரம் இந்தப் படிப்புக்கு, இந்தத் தொலைநிலை முறைக்கு உரியதா, அல்லது அந்நிறுவனம் நடத்தும் வேறு ஏதோ ஒரு படிப்புக்கு உரியதா? கற்பித்தல் பயிற்சி எந்தப் பள்ளியில் நடைபெறும், வகுப்பில் அமர்ந்து பார்ப்பவர் யார்? நீங்கள் நாடும் பதவிக்கான ஆட்சேர்ப்பு விதியில் இப்பட்டயத்தின் பெயர் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விடை பயிற்சி நிறுவனத்தாரிடம் கிடைக்காது. மாநிலக் கல்வித் துறையின் அறிவிக்கையில்தான் அதைத் தேட வேண்டும்.